இணையதளக் கடைக்கு எந்தத் தீம்? மலைச் சரக்கு விற்போருக்கு ஒரு பாடம்



ஜவ்வாது மலையிலிருந்து சரக்கு இறங்கும் வழிகள் நம் எல்லோருக்கும் தெரியும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சரக்கு போளூருக்கும் செங்கத்துக்கும் இறங்கும். ஒரு பகுதி ஆலங்காயத்துக்குப் போகும். புதூர்நாட்டுச் சரக்கு திருப்பத்தூருக்கு வரும். புளி, சாமை, தேன், கடுக்காய், சீயக்காய், பலா, சீத்தா என்று காலத்துக்கேற்பச் சரக்கு மாறினாலும் வழி இவைதாம். இப்போது ஐந்தாவதாக இணையதளம் என்றொரு வழி திறந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் கடை வைத்திருப்பவர் இடையில் மூன்று கை மாறாமல் நம்மிடமே நேராகக் கேட்டு வாங்க இது உதவுகிறது.

இந்த வழியில் இறங்க நினைக்கும் உறுப்பினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தீம் போடுவது?" என்பதுதான். சிலர் இதை வர்ணம் தேர்ந்தெடுக்கும் விஷயம் என்று நினைத்து, வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பழந்தமிழில் 'தீம்' என்றால் இனிமை; தீம்பால், தீந்தமிழ் என்கிறோம். நாம் இங்கே பேசும் தீம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. இதனோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் 'தீமை' ஆகிவிடும் என்பதால், இக்கட்டுரையில் 'தீமினை' என்றே எழுதுகிறேன். தவறாகத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம்.

தீம் என்பது எது, எது இல்லை

ஒரு கடையில் சரக்கு வேறு, அலமாரியும் விளக்கும் பெயர்ப்பலகையும் வேறு. அலமாரியை மாற்றினாலும் சரக்கு கெடாது. இணையதளத்திலும் இதே ஏற்பாடு உண்டு. நம் சரக்கின் பெயர், விவரம், படம், விலை ஆகியவை ஓரிடத்தில் சேமிக்கப்படுகின்றன. அவற்றை எந்த வரிசையில், எந்த எழுத்தில், எந்த அகலத்தில் காட்டுவது என்று சொல்லும் கோப்புகளின் தொகுப்பே தீம்.

வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கட்டப்படும் தளங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். சிறு வணிகர்களுக்குத் தளம் கட்டித் தருவோர் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இது 2003இல் வெளிவந்தது. 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் தீம் என்ற ஏற்பாடே சேர்ந்தது. அதற்கு முன் தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் உள்ளே கை வைக்க வேண்டும்.

சரக்கும் அலமாரியும் பிரிந்திருக்கின்றன என்பது கொள்கை. நடைமுறையில் எல்லாத் தீமும் இதை மதிப்பதில்லை. சில பெரிய தீம்கள் தமக்கே உரிய 'பக்கக் கட்டுமானக் கருவி'யோடு வரும். அதில் எழுதிய பக்கங்களை வேறு தீமுக்கு மாற்றினால், சாமை அரிசியைப் பற்றி எழுதிய இடத்தில் சதுர அடைப்புக் குறிகளும் புரியாத குறியீடுகளும் நிறைந்து கிடக்கும். அலமாரியைக் கழற்றப் போனால் சரக்கும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. ஆகவே ஒரு தீமினைச் சோதிக்கும்போது முதலில் செய்யவேண்டியது, இரண்டு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு வேறு தீமுக்கு மாற்றுவது. எழுத்தும் படமும் ஒழுங்காக நின்றால் அந்தத் தீம் நம்மைச் சிறைபிடிக்காது என்று கொள்ளலாம்.

'ஸ்டார்ட்டர்' என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்

பலரும் குழம்புவது இங்கேதான். சற்று நின்று பார்ப்போம்.

நிரல் எழுதுவோர் 'ஸ்டார்ட்டர் தீம்' என்று சொல்வது, அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் சட்டத்தை. கதவு நிலையும் தூணும் நிற்கும். சுண்ணாம்பு அடித்திருக்காது, பலகை இருக்காது. அதன்மேல் தாமே எழுதிக் கட்டிக்கொள்வார்கள். இவ்வகையில் பெயர் பெற்றது 'அண்டர்ஸ்கோர்ஸ்'. வேர்ட்பிரஸின் நிறுவனரில் ஒருவரான மேட் முல்லன்வெக் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் இதை 2012இல் வெளியிட்டது. ஆயிரம் மணி நேர வேலையை மிச்சப்படுத்தும் என்று சொல்லியே அறிமுகம் செய்தார்கள். அது நிரலருக்குப் பொருந்தும். அண்டர்ஸ்கோர்ஸை ஒரு கடைக்காரர் தம் தளத்தில் நேரே ஏற்றினால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துதான் தெரியும். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கோபிக்க வேண்டாம். அது நமக்காகச் செய்தது அல்ல.

இரண்டாவது பொருள், புதிதாகத் தொடங்குவோருக்கென்று அமைத்த இலகுவான தீம். இதனோடு ஆயத்தமான மாதிரிப் பக்கங்களும் வரும். புனே நகரைச் சேர்ந்த பிரெயின்ஸ்டார்ம் ஃபோர்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'ஆஸ்ட்ரா' இந்த வகை. நம் நாட்டுச் சரக்கு உலகம் முழுதும் போவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. 'ஜெனரேட்பிரஸ்', 'கேடன்ஸ்', 'பிளாக்ஸி' ஆகியவையும் இதே கூட்டம். இணையக் கடைக்கான 'வூகாமர்ஸ்' என்ற துணை மென்பொருளைச் செய்தவர்களே 2014இல் 'ஸ்டோர்ஃபிரண்ட்' என்ற தீமினையும் வெளியிட்டார்கள். அது அண்டர்ஸ்கோர்ஸ் என்ற சட்டத்தின்மேல் எழுப்பிய கட்டடம். முதல் பொருளும் இரண்டாம் பொருளும் எப்படித் தொடர்புடையவை என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவதாக, வேர்ட்பிரஸோடு கூடவே வரும் தீம்கள். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றாக, ஆண்டின் பெயரையே சூட்டி வெளியிடுகிறார்கள். 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த 'ட்வென்டி ட்வென்டி டூ' முதற்கொண்டு இவை 'பிளாக் தீம்' என்ற புதிய முறையில் அமைந்தவை. தலைப்பு, அடிப்பகுதி, பக்க அமைப்பு எல்லாவற்றையும் நிரல் எழுதாமல், திரையிலேயே தொட்டு இழுத்து மாற்றலாம். 2024 நவம்பரில் 'ட்வென்டி ட்வென்டி ஃபைவ்' வந்தது. இவற்றை நம்மவர்கள் சீந்துவதில்லை. கூடவே இலவசமாக வருவதால் மட்டமானது என்று எண்ணம். என் கணிப்பில், சரக்குப் பட்டியலும் தொலைபேசி எண்ணும் காட்டினால் போதும் என்றிருக்கும் மொத்த வியாபாரிக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

நான்காவது வகை, 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் பெரிய தீம்கள். ஓடும் படங்கள், பறந்து வரும் எழுத்துகள், நூறு மாதிரிகள். திருமண மண்டபத்துக்குப் போட்ட சீரியல் விளக்கைப் புளி மண்டியில் கட்டியது போல இருக்கும்.

நான் பட்டது

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் முதல் தளத்தைக் கட்டிக்கொடுத்தவர், விலை கொடுத்து வாங்கவேண்டிய ஒரு தீமினை எங்கிருந்தோ இலவசமாக இறக்கி ஏற்றியிருந்தார். எனக்கு அது தெரியாது. செலவு குறைந்ததே என்று மகிழ்ந்தேன். சில மாதம் நன்றாக ஓடியது. மலையில் புளி உலுக்கும் காலம். கொட்டை எடுத்த புளி கேட்டு வழக்கமாக எழுதும் பெங்களூர்க் கடைக்காரர் போன் செய்து, "உங்கள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரத்துக்குப் போகிறதே, கடையை விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் உலாவி சிவப்புத் திரை போட்டு, இது ஆபத்தான தளம் என்று எல்லோருக்கும் எச்சரிக்கை காட்டத் தொடங்கியது.

தளத்தைச் சுத்தம் செய்து எச்சரிக்கையை நீக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் சீசனின் நடுப்பகுதி. புதிதாகக் கேட்டிருந்த இருவர் வேறிடம் போய்விட்டார்கள். எனக்கு நட்டம் என்பது ஒரு பக்கம். மலையில் மரம் ஏறி உலுக்கி, பொறுக்கி, ஓடு தட்டிக் கொடுத்த குடும்பங்களுக்கு நான் சொன்ன தேதியில் பணம் கொடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வேர்ட்பிரஸும் அதன் பெரும்பாலான தீம்களும் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வருபவை. அந்த உரிமம் மறுபதிப்புச் செய்து கொடுப்பதை அனுமதிக்கிறது. ஆகவே "இது சட்டப்படி குற்றமில்லை" என்று சொல்லி விற்பார்கள். கேள்வி சட்டத்தைப் பற்றியது அன்று. பூட்டை யார் பிரித்துப் பார்த்துவிட்டு நமக்குக் கொடுத்தார் என்பதே கேள்வி. பூட்டுடைத்த தீம்களில் மறைவான நிரல்களைச் செருகி அனுப்புவது இந்தக் கூட்டத்தின் தொழில். மேலும், அவற்றுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் நேராக வந்து சேராது. வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள தீம்கள் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டவை. இலவசம் வேண்டுமானால் அங்கிருந்து எடுக்கலாம். விலை கொடுப்பதானால் செய்தவரிடமே கொடுக்கலாம்.

பட்டியலில் ஒரு தீமின் பக்கத்தைத் திறந்தால் கடைசியாகப் புதுப்பித்த நாள், எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு தேவை, எத்தனை தளங்களில் ஓடுகிறது என்பதெல்லாம் எழுதியிருக்கும். ஓராண்டுக்கும் மேலாக யாரும் தொடாத தீம் என்றால் விட்டுவிடுங்கள். பாராட்டுகளைப் படிப்பதைவிட ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன குறை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

மாதிரிப் படத்தில் மயங்காதிருக்க

தீம் விற்பவர் காட்டும் மாதிரித் தளத்தில் வெள்ளைப் பளிங்குமேசை, அதன்மேல் ஒரு கிண்ணம், சாளரத்து வெளிச்சம் என்று படம் இருக்கும். நாம் அந்தப் படத்துக்கு மயங்கித் தீமினை வாங்குகிறோம். பிறகு அதே இடத்தில், சாக்கின்மேல் கொட்டிய புளியை நம் கைப்பேசியில் எடுத்த படத்தை வைக்கிறோம். தளம் களையிழந்து போகிறது. தீம் மாறவில்லை, படம்தான் மாறியது.

ஆகவே சோதனையை நம் சரக்கை வைத்தே செய்ய வேண்டும். 'வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்' என்ற ஏற்பாட்டில், காசு கட்டாமல், உலாவியிலேயே ஒரு தளத்தைத் திறந்து தீம்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முகப்பில் என்ன சொல்லப்போகிறோம், எத்தனை சரக்கு, ஒவ்வொன்றுக்கும் என்ன விவரம், எப்படிக் கேட்டு வாங்குவது. சாமை என்றால் உமியோடு உள்ளதா, தீட்டிய அரிசியா; புளி என்றால் கொட்டையோடா, கொட்டை எடுத்ததா, புதியதா, பழம்புளியா; தேன் என்றால் கொம்புத்தேனா, பெட்டித்தேனா, எந்த மாதம் எடுத்தது. இவ்வளவும் ஒரு சரக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும். சட்டை, செருப்பு விற்கும் தீம்களில் அளவு, நிறம் என்று இரண்டு கட்டம்தான் கண்ணில் படும்படி இருக்கும். நம் விவரம் மூலையில் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று. பெரும்பாலான தீம்கள் முகப்பில் தளத்தின் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டும். 'ஜவ்வாது' என்று மட்டும் போட்டு வைத்தால், தேடுவோருக்கு நெற்றியில் பூசும் ஜவ்வாதுப் பொடிதான் முன்னால் வந்து நிற்கும். ஆங்கிலத்திலோ நம் மலையின் பெயரை ஜவாடி, ஜவாது, ஜவ்வாது என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பெயருக்குக் கீழே 'மலைப்புளி, சாமை, தேன் மொத்த வியாபாரம், ஜமுனாமரத்தூர்' என்பது போல ஒரு வரி வைக்க இடம் தரும் தீமாக இருக்கட்டும்.

தமிழ் எழுத்துச் சோதனை

தீம்களைச் செய்வோர் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தே அளவெடுக்கிறார்கள். அதனால் நமக்கு மட்டும் வரும் சங்கடங்கள் சில உண்டு. தளம் கட்டுவோரும் இவற்றைக் கவனிப்பதில்லை.

தமிழில் 'கி', 'கீ' ஆகியவற்றின் கொக்கி மேலே ஏறும். 'கு', 'கூ', 'ழூ' போன்றவை கீழே இறங்கும். ஆங்கிலத் தலைப்புக்கென்று வரிகளை நெருக்கி வைத்த தீமில், மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் மோதிக்கொள்ளும். வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது வைக்க முடிகிறதா என்று பாருங்கள். தலைப்புகளில் எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு அழகு காட்டும் வழக்கமும் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் அது சொல்லைச் சிதறடித்துவிடும். அதைப் பூஜ்யமாக்கும் வசதி வேண்டும்.

அடுத்து, சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிவது நமக்குப் 'பொருட்பட்டியல்' ஆகிறது. பட்டையில் ஐந்து சொல் வைத்தால் இரண்டாம் வரிக்கு ஓடி, கைப்பேசியில் பொத்தானை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 'சரக்கு', 'விலை', 'எங்கள் கடை', 'பேச' என்று குறுகிய சொற்களைத் தேடிக்கொள்வது பாதி வழி. பொத்தான் தானாக அகலமாகும் தீமினைத் தேர்ந்தெடுப்பது மீதி.

எழுத்துருவும் முக்கியம். தீமோடு வரும் எழுத்துரு பெரும்பாலும் தமிழ் அறியாதது. அப்போது ஆங்கிலச் சொல் ஒரு வடிவிலும், தமிழ்ச் சொல் கைப்பேசியில் உள்ள எழுத்துருவிலும் தெரியும். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள். ஒன்றை மட்டும், சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு வடிவில் மட்டும் ஏற்றுங்கள். ஐந்தாறு வடிவங்களை ஏற்றுவது தளத்துக்குப் பாரம். ஒன்றுமே ஏற்றாமல் கைப்பேசியின் சொந்தத் தமிழ் எழுத்துருவை விட்டுவைத்தாலும் குற்றமில்லை.

பழைய விலைப்பட்டியலை டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள் அதை அப்படியே ஒட்டினால், தளத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். இது தீமின் குற்றமன்று. அந்தப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

கடைசியாக, தீமுக்குள்ளேயே இருக்கும் சொற்கள். நாம் எல்லாவற்றையும் தமிழில் எழுதிய பிறகும் 'கூடையில் சேர்', 'மேலும் படிக்க', 'தேடு' என்று வரவேண்டிய இடங்களில் ஆங்கிலமே நின்றுகொண்டிருக்கும். அச்சொற்களை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

பாரம்

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து போவதை நாம் அறிவோம். நம்மிடம் வாங்குபவர் சென்னையில் இருக்கலாம். ஆனால் தளத்தில் விலையை மாற்றப்போவது நாம், நம் ஊரிலிருந்து. பாரமான தளம் இரு பக்கமும் தொந்தரவு.

கூகிள் நிறுவனம் வேகத்துக்கு மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் பதில் வரவேண்டும். இந்த அளவுகோல் 2024 மார்ச்சில் சேர்க்கப்பட்டது. படிக்கும்போது பக்கம் துள்ளக்கூடாது. அந்தத் துள்ளலின் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற இலவசக் கருவியில் தீமின் மாதிரித் தளத்து முகவரியைக் கொடுத்தால் இவை கிடைக்கும். கணினிக்கான எண்ணை விட்டுவிட்டுக் கைப்பேசிக்கான எண்ணைப் பாருங்கள். மாதிரித் தளமே தடுமாறினால், நம் படங்களை ஏற்றிய பிறகு அது நகராது.

படங்களின் கனம் தீமின் கணக்கில் சேராது. ஆனால் கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றிவிட்டு, தீம் மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் நம்மில் உண்டு.

கூடை வேண்டுமா?

தளம் கட்டுவோர் முதலில் விற்கப் பார்ப்பது 'ஷாப்பிங் கார்ட்'. மொத்த வியாபாரத்தில் காலை விலை மாலையில் இல்லை. ஐம்பது கிலோவுக்கு ஒரு விலை, ஒரு டன்னுக்கு ஒரு விலை. இதில் கூடை எதற்கு? சரக்குப் பட்டியலும், தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் பொத்தானும் போதும். அரைக் கிலோ தேனும் ஒரு கிலோ சாமை அரிசியும் வீடுகளுக்கு அனுப்புவோருக்குத்தான் வூகாமர்ஸும் அதற்கேற்ற தீமும் தேவை.

அப்படி நேரே நுகர்வோருக்கு விற்பதானால், அடிப்பகுதி விசாலமாக உள்ள தீமாக எடுங்கள். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், ஜி.எஸ்.டி. பதிவு இருப்பின் 15 இலக்க எண், நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முழு முகவரி, பொருளைத் திருப்பி எடுக்கும் விதி ஆகியவை அங்கே இடம்பெற வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறை கேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். சிறு கடையில் முதலாளியே அந்த அலுவலர். பொட்டலத்தில் அச்சிடும் நிகர எடை, அதிகபட்ச விலை போன்றவற்றைத் தளத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 முதல் நடப்பில் உள்ள விதி. இவற்றையெல்லாம் சேர்க்க இடமில்லாமல், மூன்று சின்னங்களும் ஒரு வரியுமாக அடிப்பகுதியை முடித்துவிடும் தீம் நமக்கு ஆகாது.

சேய்த் தீம்

ஒரு தீமினை எடுத்த பிறகு நம் வசதிக்கு ஏற்பச் சிறு மாற்றம் செய்வோம். கட்டிக்கொடுப்பவர் அவசரத்தில் தீமின் கோப்புகளிலேயே கை வைத்துவிடுவார். அடுத்த புதுப்பித்தல் வந்ததும் அந்த மாற்றம் அத்தனையும் அழிந்துபோகும். அழியுமே என்று பயந்து புதுப்பிக்காமல் விட்டால் ஓட்டை விழும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தளங்கள் ஏராளம்.

இதற்குத்தான் 'சைல்டு தீம்', நாம் சேய்த் தீம் எனலாம். தாய்த் தீம் அப்படியே இருக்கும். நம் மாற்றங்கள் மட்டும் சேய்க் கோப்பில் தனியே இருக்கும். தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேய் தொடப்படாது. புதிய பிளாக் தீம்களில் திரையிலேயே நாம் செய்யும் மாற்றங்கள் தீமின் கோப்பில் எழுதப்படாமல் தனியே சேமிக்கப்படுவதால், சிறு மாற்றங்களுக்குச் சேயும் வேண்டியதில்லை. கட்டித்தருபவரிடம், "மாற்றங்களை எங்கே எழுதப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அவருடைய தேர்ச்சி தெரிந்துவிடும்.

சாவி யாரிடம்

வேர்ட்பிரஸ் தொந்தரவே வேண்டாம் என்பவர்களுக்கு, தமிழ்நாட்டிலிருந்தே இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ சைட்ஸ், ஜோஹோ காமர்ஸ் போன்ற ஏற்பாடுகள் உண்டு. பாதுகாப்பும் புதுப்பித்தலும் அவர்கள் பொறுப்பு. மாதிரி அமைப்புகளும் அவர்களே தருவார்கள். வாடகைக் கடைக்கு உள்ள சௌகரியமும் கட்டுப்பாடும் இதற்கும் பொருந்தும். வேறிடம் மாறும்போது அலமாரியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆள் வைத்துப் பராமரிக்க முடியாத சிறு கடைக்கு இதுவே நல்லது என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

எந்த வழியானாலும், தளத்தின் பெயரும் இடவாடகைக் கணக்கும் நம் பெயரில், நம் மின்னஞ்சலில், நம் கைப்பேசி எண்ணில் பதிவாகி இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய தீமின் உரிமமும் அப்படியே. என் தளம் கெட்டபோது, சுத்தம் செய்ய வந்த புதிய ஆளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கடவுச்சொல்கூட இல்லை. மூன்று வாரத்தில் முதல் வாரம் முழுதும் சாவியைத் தேடியதில்தான் போயிற்று.

இப்போது என் தளம் ட்வென்டி ட்வென்டி ஃபைவில் ஓடுகிறது. ஓடும் படம் இல்லை, கூடை இல்லை. ஏழு சரக்கு, ஏழு பக்கம், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான். திறப்பதற்கு முன் என் கைப்பேசியில் பார்க்காமல், புளி கொண்டுவந்து போடும் ஒருவரின் நான்கு வருடப் பழைய கைப்பேசியை வாங்கி, மலைமேல் நின்றுகொண்டே திறந்து பார்த்தேன். படம் வரச் சற்றுத் தாமதித்தது. எழுத்தும் தொலைபேசி எண்ணும் உடனே வந்துவிட்டன. அவர் வாங்கிப் பார்த்து, தம் ஊர்ப் பெயரில் ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருப்பதைக் காட்டினார். அங்கேயே திருத்தினோம்.